ஒரு ‘டொக்’ சத்தத்தின் வரலாறு

சில வருடங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் பெரிய ஜீப் வண்டியில் பயணம் செய்ய நேர்ந்தது. அவர் கியரைத் தரிப்பு நிலையிலிருந்து பின்செல்லும் நிலைக்கு மாற்றியதும் இருக்கைக்குக் கீழே ‘டொக்’ என்றொரு சத்தம். முன்செல்ல மாற்றியபோதும் அதே சத்தம். கராஜ் ஒன்றில் கியர்பெட்டியையே மாற்றவேண்டும் என்று கூறிவிட்டார்களாம். அவர்கள் கேட்ட தொகை நண்பரின் பல மாதச் சம்பளம்.

இன்னொரு கராஜில் இருந்த வயதான மெக்கானிக் அவ்வளவு அவசரப்படவில்லை. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, வண்டியின் கீழே படுத்தார். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டைக் கையால் இருபுறமும் திருகினார். மூட்டுக்கு இப்பால் தண்டு திரும்பியது. அப்பால் இருந்த பகுதி சற்றுத் தாமதித்தே திரும்பியது. மூட்டைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தது. யூனிவர்சல் ஜொயின்ட் எனப்படும் அந்தச் சிறிய சிலுவை வடிவ மூட்டை மாற்றியதும் சத்தம் நின்றது. கியர்பெட்டியில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அந்த மூட்டின் கதையைத் தேடியபோது அது மோட்டார் வண்டியைவிட மிகப் பழையது என்பதை அறிந்தேன். இத்தாலிய அறிஞர் ஜெரோலமோ கார்டானோ (1501–1576), எப்பக்கம் சாய்ந்தாலும் பொருளை நிமிர்த்தி வைத்திருக்கும் வளைய அமைப்பைப் பற்றி எழுதினார். ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளில் இம்மூட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இங்கிலாந்தின் றொபேர்ட் ஹூக் 1676இல் வெளியிட்ட நூலில், சூரியனை நோக்கும் கருவிகளுக்காக இம்மூட்டை விவரித்தார். வளைந்த நிலையில் ஒற்றை மூட்டு சீரான வேகத்தில் சுழற்றாது. ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்து இருமுறை தளரும். ஆகவேதான் சுழல்தண்டின் இரு அந்தங்களிலும் மூட்டு வைத்து, ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றையதால் ஈடுசெய்கிறார்கள்.

ஆரம்பகால மோட்டார் வண்டிகள் பலவற்றில் துவிச்சக்கரவண்டியில் உள்ளதைப் போன்ற சங்கிலியே பின் சில்லுகளை இயக்கியது. தூசியும் சேறும் அதனை விரைவில் தேய்த்தன. பிரான்சில் லூயி ரெனோ 1890களின் இறுதியில் சுழல்தண்டைப் பயன்படுத்தினார். ஆனால் வில்களின் மேல் அச்சு ஏறி இறங்கும். கியர்பெட்டியோ சட்டத்தில் நிலையாக நிற்கும். இரண்டையும் இணைக்கும் மூட்டு வளையவும் வேண்டும், மசகு காய்ந்து தேயாதிருக்கவும் வேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். மூட்டை உறையிட்டு மூடி, மசகை உள்ளேயும் தூசியை வெளியேயும் நிறுத்தியதே அவரது சாதனை. 1904இல் நியூ ஜேர்சியில் உற்பத்தி தொடங்கியது. பின்னாளில் டானா எனப் பெயர் பெற்றது இந்நிறுவனமே. இரண்டாம் உலகப் போரின் ஜீப் வண்டிகளிலும் ஸ்பைசரின் அச்சுகள் இருந்தன.

நான்கு சில்லு இயக்கம் வந்ததும் தண்டுகளும் மூட்டுகளும் இரட்டித்தன. விசையைப் பகிரும் பெட்டியும் சேர்ந்தது. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் நான்கு சில்லுகளும் எப்போதும் இயங்கின. அதற்காக நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைக்கப்பட்டது. பற்சக்கரங்களுக்கிடையே எண்ணெய் தங்கச் சிறு இடைவெளி தேவை. அந்த இடைவெளிகள் ஒன்று சேர்ந்தால் சத்தமாகின்றன. பின் அச்சின் பல் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், சில்லின் பக்கம் உள்ள ஒரு பாகைத் தளர்வு சுழல்தண்டில் நான்கு பாகையாகத் தெரியும். ஆகவே பெரிய வண்டியில் மெல்லிய ‘டொக்’ இருப்பது இயல்பே. நாளுக்கு நாள் அது வளர்வதே நோய்.

மெக்கானிக் எனக்குச் சொன்ன ஒழுங்கு இது. சரிவில் நிறுத்தும்போது முதலில் கைபிரேக்கைப் போட்டு, பின்னரே தரிப்பு நிலைக்கு மாற்றவேண்டும். இல்லையேல் வண்டியின் பாரம் முழுவதும் கியர்பெட்டியின் பூட்டில் தங்கி, எடுக்கும்போது சத்தமிடும். அடுத்து, நிற்கும்போது எஞ்சின் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறதா என்று கவனிக்கவேண்டும். பின்னர் எஞ்சினையும் கியர்பெட்டியையும் தாங்கும் இறப்பர்கள், மூட்டுகள், தண்டு நீண்டு சுருங்கும் பகுதியின் கிரீஸ், அச்சைப் பிடிக்கும் புஷ்கள் என்று பார்க்கவேண்டும். டிஃபரன்ஷியலும் கியர்பெட்டியும் கடைசியில். கூடான தண்டு மேளம் போல் ஒலியைக் கடத்துவதால், சத்தம் கேட்கும் இடத்தை மாத்திரம் நம்பக்கூடாது.

அதற்காகச் சத்தத்தை அலட்சியம் செய்வதும் தவறு. ஓட்டத்தில் முன்பக்க மூட்டு முறிந்தால் தண்டு வீதியில் குத்தி வண்டியையே தூக்கி எறியக்கூடும். நண்பர் அன்று பணத்தை மாத்திரம் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தார். துருத்தூள் படிந்த அந்த மூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அதைவிடப் பெரிய ஒன்றும் தப்பியது என்றே எனக்குத் தோன்றியது.