ஹைப்ரிட் சொகுசு காரா... சாதா பெட்ரோல் காரா? சேத்தியாத்தோப்பு ரோட்டில் எது கைகொடுக்கும்? முழு விவரம்!

சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கி.மீ. நான்கு வழிச்சாலையை 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2,350 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் உருவான சாலை இது. கும்பகோணம், தஞ்சாவூர் பயணம் இப்போது முன்பை விட சுலபம். ரோடு நல்லா ஆனதும் கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: "அடுத்து ஒரு பெரிய காரா எடுத்துடலாமா?"

எடுப்பது என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, ஹைப்ரிட்டா, சாதா பெட்ரோலா? 50 லட்சம் ரூபாயைத் தொடும் விஷயம். ஷோரூமில் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். இரண்டையும் ஓட்டுபவர்கள் பொதுவாக என்ன சொல்கிறார்கள், அதற்குக் காரணம் என்ன? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹைப்ரிட் என்றால் சார்ஜ் போடணுமா?

வேண்டாம். நிறைய பேர் குழம்பும் இடம் இதுதான். பக்கத்திலேயே நெய்வேலியில் மின்சாரம் தயாரானாலும், கேம்ரி மாதிரியான ஹைப்ரிட் காருக்கு அதில் ஒரு யூனிட்கூட தேவையில்லை. இந்த காரில் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும். பிரேக் பிடிக்கும்போது சாதா காரில் வெப்பமாக வீணாகும் சக்தியை, ஹைப்ரிட் கார் மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேமிக்கும். அடுத்து வண்டி கிளம்பும்போது அந்த மின்சாரமே உதவும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்கணும். பென்ஸ், பிஎம்டபிள்யூ கார்களில் '48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்' என்று போட்டிருப்பார்கள். சென்னை அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் தயாராகும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், 530எல்ஐ காரும் இந்த வகைதான். இதில் இருப்பது இன்ஜினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார். கேம்ரி போல மோட்டாரில் மட்டும் வண்டி நகராது. அதனால் 'ஹைப்ரிட்' என்ற பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரே கார், இரண்டு வடிவம்: கணக்கு சொல்வது என்ன?

ஹைப்ரிட்டையும் சாதா காரையும் நேர்மையாக ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருந்தது. 2013-க்குப் பிறகு சில ஆண்டுகள் டொயோட்டா கேம்ரி, பெட்ரோல், ஹைப்ரிட் என இரண்டு வகையிலும் இந்தியாவில் விற்பனையானது. இரண்டிலும் 2.5 லிட்டர் இன்ஜின்தான்.

> பெட்ரோல் கேம்ரி: சக்தி 181 பி.எஸ்., நிறுவனம் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 12.98 கி.மீ.

> ஹைப்ரிட் கேம்ரி: இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 205 பி.எஸ்., மைலேஜ் 19.16 கி.மீ.

சக்தியும் கூடுதல், மைலேஜும் கூடுதல். ஆனால் அந்தக் காலத்து ஹைப்ரிட்டில் பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் இருந்ததால் டிக்கி இடம் குறைந்தது. பிறகு பெட்ரோல் கேம்ரி நிறுத்தப்பட்டு, ஹைப்ரிட் மட்டுமே தொடர்ந்தது. 2024 டிசம்பரில் 48 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்த புதிய கேம்ரியின் சக்தி 230 பி.எஸ்., சொல்லப்படும் மைலேஜ் 25.49 கி.மீ.

இவை சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. ரோட்டில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எவ்வளவு குறையும் என்பது நீங்கள் ஓட்டும் ரோட்டைப் பொறுத்தது.

ஓட்டுபவர்கள் சொல்லும் 4 விஷயங்கள்

1. கிளம்பும் வேகம்: மின் மோட்டார் கால் வைத்ததுமே இழுக்கும். அதனால் சிக்னலிலும் ஸ்பீடு பிரேக்கர் தாண்டியும் ஹைப்ரிட் சத்தமில்லாமல் சட்டென்று கிளம்பும். சாதா பெட்ரோல் காரில் கியர் மாறி, இன்ஜின் சுழற்சி ஏறிய பிறகுதான் அந்த இழுவை கிடைக்கும்.

2. ஓவர்டேக்: இங்கேதான் சாதா காரின் ரசிகர்கள் குரல் உயர்கிறது. கரும்பு சீசனில் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் பின்னால் மாட்டிக்கொண்டால் தெரியும். ஒரே மூச்சில் முந்தணும். ஹைப்ரிட்டில் ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினால் இன்ஜின் ஒரே சுருதியில் 'உய்ய்ய்' என்று இரையும். வண்டி வேகமாகத்தான் போகும், ஆனால் சத்தம் போடும் அளவுக்கு ஓடவில்லையோ என்று தோன்றும். கியர் ஒவ்வொன்றாக மாறாத இ-சிவிடி அமைப்புதான் இதற்குக் காரணம். ஸ்கோடா சூப்பர்ப் போன்ற டர்போ பெட்ரோல் காரோ, 440 என்.எம். இழுவிசை உள்ள பென்ஸ் இ220டி டீசல் காரோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

3. அமைதி: நெரிசலில் நிற்கும்போது ஹைப்ரிட்டில் இன்ஜின் அணைந்துவிடும். ஆனாலும் ஏ.சி. ஓடும், ஏனென்றால் அதன் கம்ப்ரசர் பேட்டரியில் இயங்குகிறது. மே மாத வெயிலில், பின் சீட்டில் வயசானவங்களை வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது இதன் அருமை புரியும்.

4. பிரேக்: லேசாக அழுத்தும்போது மோட்டாரும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். பழக ஒரு வாரம் ஆகும். ஆனால் பிரேக் பேட் தேய்வது குறையும். மலைப்பாதையில் நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் இந்த உதவி குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கணும்.

நான்கு வழிச்சாலையில் ஏன் லாபம் குறைகிறது?

ஹைப்ரிட்டின் லாபத்தில் ஒரு முக்கியப் பங்கு பிரேக்கில் பிறக்கிறது. நிறுத்தி நிறுத்திப் போகும் ரோட்டில்தான் அதற்கு வேலை அதிகம். வடலூர், பண்ருட்டி பக்கம் ஊர்களுக்குள் புகுந்து போனாலோ, சிதம்பரம் டவுனுக்குள் சுற்றினாலோ ஹைப்ரிட் நல்ல மைலேஜ் கொடுக்கும். அதே கார் சேத்தியாத்தோப்பு தாண்டி தெற்கே புதிய சாலையில் ஒரே வேகத்தில் போனால் மோட்டாருக்கு அதிக வேலை இல்லை, பெரும்பாலும் இன்ஜின்தான் ஓடும். அங்கே சாதா காரின் மைலேஜும் ஏறிவிடும். இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக மட்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

> பெரும்பாலும் ஊருக்குள்: ஹைப்ரிட் 18 கி.மீ., சாதா கார் 11 கி.மீ. கொடுத்தால், ஆண்டுக்கு மிச்சம் சுமார் 53,000 ரூபாய்.

> பெரும்பாலும் நான்கு வழிச்சாலையில்: ஹைப்ரிட் 18 கி.மீ., சாதா கார் 14 கி.மீ. கொடுத்தால், மிச்சம் சுமார் 24,000 ரூபாய்.

அதே கார், அதே தூரம். ரோடு மாறியதும் மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது. இரண்டு காருக்கும் விலையில் 5 லட்சம் வித்தியாசம் இருந்தால், முதல் கணக்கில் அதை எடுக்க 9 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாவதில் 20 ஆண்டுகள் தாண்டும்.

வரியில் சலுகை இருக்கா?

முன்பு கொஞ்சம் இருந்தது. 1,500 சிசிக்கு மேற்பட்ட பெரிய செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48 சதவீதம், ஹைப்ரிட்டுக்கு 43 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீக்கப்பட்டு, இரண்டு வகைக்கும் 40 சதவீதம் என்று ஆகிவிட்டது. மொத்த வரி குறைந்தது உண்மை, ஆனால் ஹைப்ரிட்டுக்கு என்று இருந்த 5 சதவீத சாதகம் போய்விட்டது. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். 48 லட்சம் ரூபாய் காருக்கு இதுவே தோராயமாக 9.6 லட்சம். மின்சார காருக்குக் கொடுக்கப்பட்ட சாலை வரி விலக்கு ஹைப்ரிட்டுக்குப் பொருந்தாது. 'ஆன்-ரோடு' விலையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

பேட்டரி போச்சுன்னா என்ன ஆகும்?

எல்லோருக்கும் உள்ள பயம் இது. இப்போது விற்கும் ஹைப்ரிட் கார்களின் பேட்டரிக்கு டொயோட்டா 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்ட்டி கொடுக்கிறது. புதுசா வாங்குபவர்களுக்கு இது தைரியம். செகண்ட் ஹேண்டில் 10 வயசு ஹைப்ரிட் மலிவாக வருகிறது என்றால், பேட்டரி சோதனை அறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது. விலையில் மிச்சம் பிடித்தது பேட்டரியில் போய்விடும்.

நம்ம பகுதிக்கு என்று சில எச்சரிக்கைகளும் இருக்கு:

> தூசி: கேம்ரி போன்ற கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட் பக்கத் துவாரம் வழியாகப் போகும். சுரங்கம், லாரி தூசி உள்ள இடத்தில் அந்த ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லணும். துவாரத்தின் மேல் பை, துணி வைக்கக் கூடாது.

> சும்மா நிற்கும் கார்: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்து, வீட்டில் வாரக்கணக்கில் நிற்கும் ஹைப்ரிட்டில் முதலில் படுப்பது பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் வண்டி உயிர் பெறாது. வாரம் ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டணும்.

> வெள்ளம்: கடலூர் மாவட்டத்துக்கு வெள்ளம் புதிதல்ல. தண்ணீரில் மூழ்கிய எந்த காரையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹைப்ரிட் என்றால் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது, அவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கும். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தை வரவழைப்பதே பாதுகாப்பு.

அப்போ யாருக்கு எது?

தினமும் ஊருக்குள் ஓட்டம், பின் சீட்டில் உட்கார்ந்து அமைதியாகப் போகணும், ஆண்டுக்கு 15,000 கி.மீ.க்கு மேல் ஓடும் என்றால் ஹைப்ரிட் பொருந்தும்.

மாதம் இரண்டு முறை தஞ்சாவூர், திருச்சி என்று நீண்ட பயணம் மட்டும், தானே ஸ்டியரிங் பிடித்து ரசித்து ஓட்டணும் என்றால் டர்போ பெட்ரோலோ டீசலோ திருப்தி தரும். ஆண்டுக்கு 6,000, 7,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவர்கள் மைலேஜுக்காக ஹைப்ரிட் வாங்குவதில் அர்த்தமில்லை. அமைதியும் சொகுசும் பிடித்திருந்தால் வாங்கலாம், அது வேற கணக்கு.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அரை மணி நேரம் கேளுங்க. நெரிசலில் 10 நிமிடம், நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓட்டுங்க. ஒரு ஓவர்டேக் நேரத்து இன்ஜின் சத்தத்தைக் கேளுங்க. பின் சீட்டில் உட்காரப் போகிறவரையும் கூட்டிட்டுப் போங்க. ஓட்டுபவருக்குப் பிடித்தது அவருக்கும் பிடிக்குதான்னு அங்கேயே தெரிந்துவிடும்.