படகு ஸ்டீயரிங் இறுகிப் போச்சா? கேபிளை எடுத்துட்டு ஹைட்ராலிக் மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

போன சீசன் வரைக்கும் ஒத்தைக் கையில் திரும்பிய படகு. இப்போது ரெண்டு கையாலும் வீலைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் கரையில் கிடந்தால் நகரவே மாட்டேன் என்கிறது. அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய ஸ்பீடு போட் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. 'ஹைட்ராலிக்குக்கு மாத்திடுங்க' என்பதுதான் உடனே கிடைக்கும் ஆலோசனை. நல்ல ஆலோசனைதான். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் மாற்றினால், செலவு செய்த பிறகும் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

நம்ம ஊர் கடற்கரையில் உள்ள சின்ன ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்தே திருப்புவார்கள். அவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. முன்பக்கம் வீல், பின்பக்கம் இன்ஜின் என்று இருக்கும் படகுகளுக்குத்தான் இந்தச் செய்தி.

கேபிள் ஏன் இறுகுகிறது?

சைக்கிள் பிரேக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு உறை, உள்ளே இரும்புக் கம்பி. பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான் செய்யும். படகு கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். வீலைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் கம்பியை நகர்த்தும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் ராட், இன்ஜினின் டில்ட் டியூப் என்ற குழாய் வழியாக வெளியே வந்து இன்ஜினைத் திருப்பும்.

உப்புத் தண்ணீர் உறைக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். டில்ட் டியூபுக்குள் பழைய கிரீஸ் காய்ந்து, உப்போடு சேர்ந்து கல் மாதிரி ஆகிவிடும். பல படகுகளில் ராட் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இறுக்கம் என்பது வெறும் கைவலி சமாச்சாரம் இல்லை. வேகமாகப் போகும்போது கேபிள் அறுந்தால், சுழலும் புரொப்பல்லரின் விசையே இன்ஜினை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். படகு சட்டென்று திரும்பும், ஓட்டுபவர் தண்ணீரில் தூக்கி வீசப்படலாம். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே திரும்பி வரும். ஓட்டுபவர் விழுந்ததும் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு இதற்காகத்தான். அமெரிக்காவில் இந்த ஸ்விட்ச் உள்ள 26 அடிக்குக் குறைவான படகுகளில் அதைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

அந்தச் சோதனை என்ன?

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கேபிள் ராடையும் இன்ஜினையும் இணைக்கும் இணைப்புக் கையைக் கழற்றுங்கள். இப்போது இன்ஜினைக் கையால் இடது வலதாகத் தள்ளிப் பாருங்கள்.

இன்ஜின் லேசாகத் திரும்பினால் கோளாறு கேபிளிலோ, டில்ட் டியூபிலோ, வீலுக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரத்திலோ இருக்கிறது. இன்ஜினே திரும்ப மறுத்தால், அது சுழலும் அச்சு இறுகிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் ஹைட்ராலிக் மாட்டினால் என்ன ஆகும்? எண்ணெய் அழுத்தம் அச்சை முரட்டுத்தனமாகத் திருப்பும். வீல் லேசாகிவிடும், 'சரியாயிடுச்சு' என்று தோன்றும். ஆனால் அந்தச் சுமை முழுவதும் சிலிண்டர் மீதும் சீல்கள் மீதும் விழுந்துகொண்டே இருக்கும். அச்சைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஹைட்ராலிக் எப்படி வேலை செய்கிறது?

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ரெண்டு சிரிஞ்சை டியூபால் இணைத்து ஜேசிபி செய்வார்களே, அதே தத்துவம்தான். வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப், இன்ஜின் பக்கம் ஒரு சிலிண்டர், நடுவில் ரெண்டு ஹோஸ். வீலைத் திருப்பினால் ஒரு ஹோஸ் வழியாக ஆயில் போய் சிலிண்டரைத் தள்ளும், மறு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். பம்பில் உள்ள வால்வு, இன்ஜின் பக்கமிருந்து வரும் விசை வீலுக்கு வராமல் தடுத்துவிடும். வீலை விட்டாலும் படகு ஒரு பக்கம் இழுக்காது.

இது காரில் இருக்கும் பவர் ஸ்டீயரிங் இல்லை. சாதாரண கிட்டில் தனி மோட்டார் எதுவும் கிடையாது, பம்ப் செய்வது உங்கள் கைதான். சிலிண்டரின் கொள்ளளவை, வீல் ஒரு சுற்றுக்குத் தள்ளும் ஆயில் அளவால் வகுத்தால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 140 மில்லி சிலிண்டர், 28 மில்லி பம்ப் என்றால் 5 சுற்று. பம்ப் சின்னதாக இருந்தால் வீல் இன்னும் லேசாகும், சுற்று அதிகமாகும்.

கேபிளில் பழகியவர்களைக் குழப்பும் ஒரு விஷயமும் உண்டு. ஹைட்ராலிக் வீலுக்கு நிலையான நடுப்புள்ளி இல்லை. வீல் நேராக இருப்பதால் இன்ஜினும் நேராக இருக்கிறது என்று நம்பக் கூடாது.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. சின்ன இன்ஜின், ஏரியில் ஓட்டம் என்றால் புது கேபிளும் ஒழுங்கான கிரீஸும் போதும். செலவும் அதில் பல மடங்கு குறைவு. கிரீஸ் வைக்கும்போது ராட் குழாய்க்குள் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே நீட்டிய நிலையில் அடைத்தால் கிரீஸே ராடைத் தடுத்துவிடும்.

பெரிய இன்ஜின், கடல் ஓட்டம், எதிர்காலத்தில் ஆட்டோபைலட் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஹைட்ராலிக் நல்ல தேர்வு. கிட் வாங்கும்போது குதிரைத்திறன் வரம்பைப் பாருங்கள். உதாரணமாக பேஸ்டார் என்ற கிட் 150 குதிரைத்திறன் வரைக்கும்தான். அதற்கு மேல் என்றால் பெரிய ரகம் வேண்டும்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

பழைய ராட் டில்ட் டியூபில் சிக்கியிருந்தால், புதிதை மாட்டுவதைவிட பழையதைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. வீலை மாற்றத் தேவையில்லாமல் போகலாம், பெரும்பாலான படகுகளில் முக்கால் அங்குல கூம்பு தண்டுதான். டாஷ்போர்டு ஓட்டையும் பின்னால் உள்ள இடமும் பம்புக்குப் போதுமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு இன்ஜினை முழுதாகத் தூக்கி, இறக்கி, ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் எங்காவது நசுங்குகிறதா, சிலிண்டர் படகில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆயிலில் விளையாட வேண்டாம். கிட் நிறுவனம் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். 'பைக் பிரேக் ஆயில் இருக்கே' என்று ஊற்றினால் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

கடைசியாக, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு ரெண்டு பேர் வேண்டும்: ஒருவர் வீலைத் திருப்ப, இன்னொருவர் சிலிண்டர் பக்கம் நிப்பிளைத் திறந்து மூட. குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை ரெண்டு பக்கமும் செய்யணும். முடிந்ததும் வீலை ஒரு கோடிக்குத் திருப்பி அழுத்துங்கள். கல்லில் முட்டியது போல நின்றால் சரி. ரப்பர் மாதிரி அமுங்கித் திரும்பினால் இன்னும் காற்று இருக்கிறது, அந்தப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். முதல் சில பயணங்களுக்குப் பிறகு வீலுக்குக் கீழேயும் சிலிண்டர் ராடின் ரெண்டு முனையிலும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் கசிந்தால் துணியில் தெரிந்துவிடும்.