பெரும்பேழை ஒலிபெருக்கிகளும் வீட்டுப் பட்டறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை எழுதுவோர் பாடகர்களைப் பற்றியும் இசைத்தட்டுகளைப் பற்றியும் வானொலி நிலையங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அந்த இசை கேட்பவரின் காதை வந்தடைந்த கடைசி வாயிலாகிய ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. இசைத்தட்டைக் காப்பகங்கள் சேமிக்கின்றன. ஆனால் அந்த இசைத்தட்டு எவ்வாறு ஒலித்தது என்பதற்குச் சான்றாக நிற்கும் கருவி பெரும்பாலும் வீட்டுக் கிடங்கிலேயே மக்கிப் போகிறது.

ஹை-ஃபை எனப்படும் உயர்தர ஒலிக்கருவிகளில் பெரும்பேழை கொண்ட ஒலிபெருக்கிகளே இங்கு நம் ஆய்வுப் பொருளாகும். இவற்றை வீட்டிலேயே கட்டிய மரபும், பழுதானவற்றை வீட்டிலேயே மீட்டெடுக்கும் மரபும் தொடர்ந்து இருந்து வந்துள்ளன. உற்பத்தி நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்கள், புதியது பழையதை வென்ற கதையைக் கூறுகின்றன. மீட்டெடுப்போரின் பட்டறையோ எது நிலைத்தது, எது அழிந்தது என்னும் வேறொரு வரலாற்றைக் காட்டுகிறது. அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேழையின் தேவை

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவம் 1925-ஆம் ஆண்டில் உருவானது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரும் அவ்வாண்டில் தங்கள் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் அசைகிறது. அச்சுருளோடு பிணைக்கப்பட்ட காகிதக் கூம்பு காற்றை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பின் வெளிவிளிம்பு நெகிழ்வான வளையம் ஒன்றினால் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பொருள்கள் மாறினும் இவ்வமைப்பு இன்றளவும் பெரிதும் மாறவில்லை.

கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறக் காற்று அழுத்தம் பெறுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளில் இவ்விழப்பு மிகுதி. ஆகவே பின்னலையை முன்னலையிலிருந்து பிரிக்க ஒரு பலகையோ பேழையோ தேவைப்பட்டது. பின்னலையை வீணாக்காமல், பேழையில் ஒரு துளையிட்டு அதன்வழி முன்னலைக்குத் துணையாக்கும் முறைக்கு பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இதனால், மரப்பேழை கருவியை மூடும் உறை மட்டுமன்று, கருவியின் ஓர் உறுப்பே என்பது உறுதியாயிற்று.

வீட்டின் மூலையே கருவியாதல்

பேழைகள் ஏன் அத்துணைப் பெரியவையாயின? ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எனவே 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் மேற்படும். அதனைத் திறம்பட வெளியிடும் கொம்பு ஒரு கூடத்தையே நிரப்பிவிடும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பால் கிளிப்ஷ் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார். கொம்பை மடித்துப் பேழைக்குள் அடக்கினார். அப்பேழையை அறையின் மூலையில் நிறுத்தி, இரு சுவர்களையும் தரையையும் கொம்பின் நீட்சியாகக் கொண்டார். மூலையில் நிற்கும் கொம்பின் வாய், வெட்டவெளியில் தேவைப்படும் பரப்பில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பது இதன் அடிப்படை. 1946-ஆம் ஆண்டில் அவர் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். எலெக்ட்ரோ-வாய்ஸ் என்னும் மற்றொரு நிறுவனம் இத்தகைய மூலைப்பேழைகளை வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் வகையில் பலகைத் தொகுதிகளாகவும் 1950-களில் விற்றது.

இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பாரின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. ஆடைத் தொழில் துறையிலிருந்து வந்த அவர், 1932-ஆம் ஆண்டில் யார்க்ஷயர் பகுதியின் இல்க்லி நகரில், தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கிகளைச் செய்யத் தொடங்கினார். வார்ஃப்டேல் என்னும் நிறுவனம் அவ்வாறு பிறந்ததே. 1948-ஆம் ஆண்டில் ஒலிபெருக்கிகளைப் பற்றி எளிய நடையில் அவர் எழுதிய நூல் பலரைத் தாமே பேழை செய்யத் தூண்டியது. இரு ஒட்டுப்பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பினால் பலகையின் தேவையற்ற அதிர்வு அடங்கும் என்று அவர் காட்டினார். அறையின் மூலையில் செங்கல் சுவர் எழுப்பி அதையே பேழையாக்கவும் வழி கூறினார். 1954-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் நேரிசையையும் பதிவிசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து மக்கள் முன் ஒப்பிட்டுக் காட்டினார்.

செங்கல்லும் மணலும் எந்த வீட்டிலும் கிடைக்கும் பொருள்கள். உயர்தர ஒலி என்பது தொடக்கத்தில் கடையில் வாங்கும் பண்டமாக மட்டும் இருக்கவில்லை. கையால் செய்துகொள்ளும் ஒன்றாகவும் இருந்தது என்பதை இதன்வழி நம்மால் அறிய முடிகிறது.

சிறுபேழையின் எழுச்சி

இந்நிலையை இரு நிகழ்வுகள் மாற்றின. முதலாவது, எட்கர் வில்ச்சர் 1954-ஆம் ஆண்டில் தம் மாணவராக இருந்த ஹென்றி கிளாஸுடன் இணைந்து, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தை நிறுவியதாகும். மிகவும் நெகிழ்வான கூம்பைக் காற்றுப்புகாத சிறு பேழையில் அடைத்தால், உள்ளிருக்கும் காற்றே சீரான சுருள்வில்லாகச் செயல்படும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பெரிய பேழைகள் தந்த தாழ்ந்த ஒலியைப் புத்தக அலமாரியில் வைக்கத்தக்க பேழையும் தந்தது. இரண்டாவது, 1958-ஆம் ஆண்டில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததாகும். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டும். ஒரு மூலைக்கொம்புக்கே இடம் தேடிய குடும்பம் இரண்டுக்கு எங்கே போகும்? அதே ஆண்டில் வெளிவந்த வில்ச்சரின் ஏஆர்-3 வகை பெரும் வரவேற்பைப் பெற்றது.

எனினும் வீட்டில் பேழை செய்யும் மரபு அழிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ஆம் ஆண்டில் துளையுள்ள பேழைகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அது 1971-இல் மறுபதிப்புப் பெற்ற பின்னரே உலகின் கவனத்தை ஈர்த்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்டு ஸ்மால் அதனை 1972 முதல் விரிவுபடுத்தினார். ஒரு கூம்பின் சில அளவுகளை அறிந்தால் அதற்குரிய பேழையின் கொள்ளளவையும் துளையின் நீளத்தையும் கணக்கிட்டுவிடலாம் என்னும் நிலை ஏற்பட்டது. அதுவரை செவியாலும் அனுபவத்தாலும் செய்யப்பட்டது, அதன்பின் தாளும் எழுதுகோலும் கொண்ட எவருக்கும் கைவரக்கூடியதாயிற்று.

எது நின்றது, எது அழிந்தது

இனி மீட்டெடுப்போரின் மேசைக்கு வருவோம். பழையது விரைவில் கெடும், புதியது நீடிக்கும் என்பது பொதுவான எண்ணம். ஒலிபெருக்கிகளின் வரலாறு இதற்கு நேர்மாறானதொரு பாடத்தைத் தருகிறது.

1950-களில் கூம்பின் விளிம்புகள் பெரும்பாலும் காகித மடிப்புகளாலோ பசை தோய்த்த துணியாலோ செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் உழைக்கின்றன. பின்னர்ப் பரவலாகப் பயன்பட்ட பாலியூரித்தேன் நுரை விளிம்பு இலேசானது, ஒலிக்கு நல்லது. ஆனால் காற்றின் ஈரமும் ஒளியும் அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றன. பத்து, இருபது ஆண்டுகளில் அது தொட்டால் பிசுபிசுக்கும் தூளாகிவிடுகிறது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் இவ்வழிவு இன்னும் விரைவாக நிகழ்வதில் வியப்பில்லை. பேழைகளின் நிலையும் இத்தகையதே. பழைய ஒட்டுப்பலகை நிற்கிறது. மலிவு கருதிப் பின்னர் வந்த மரத்தூள் பலகையோ நீர் பட்ட இடத்தில் ஊதி உதிர்கிறது.

காந்தத்தின் கதை அரசியலோடு பின்னியது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு சேர்த்துச் செய்த அல்னிக்கோ காந்தங்களே பழைய உயர்தர ஒலிபெருக்கிகளில் இடம்பெற்றன. கோபால்ட்டின் முதன்மை ஊற்றாக இருந்தது ஆப்பிரிக்காவின் ஜயர் நாடு. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. 1978-ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஷாபா மாநிலத்தில் மூண்ட போரினால் கோபால்ட்டின் விலை பன்மடங்கு ஏறியது. ஒலிபெருக்கி நிறுவனங்கள் பலவும் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஆப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் நடந்த போர் ஒன்றின் தடயத்தை இவ்வாறு வரவேற்பறைப் பேழைக்குள் காண்கிறோம். இத்தகைய சான்றுகளை விற்பனைப் பட்டியல் கூறாது; பேழையைத் திறந்தவரே காண்பர்.

மீட்டெடுக்கும் முறை

நுரை விளிம்பை மாற்றுவதே வீட்டுப் பட்டறைகளில் மிகுதியாக நடைபெறும் பணியாகும். முதலில் மக்கிய நுரையையும் பழைய பசையையும் கூம்பு கிழியாதவாறு சுரண்டி நீக்க வேண்டும். பின்னர் அளவொத்த புதிய வளையத்தைக் கூம்போடு ஒட்ட வேண்டும். அடுத்து அதனைச் சட்டத்தோடு ஒட்டும் கட்டமே கடினமானது. காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருளுக்கு இருபுறமும் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே. சுருள் சற்றுச் சாய்ந்தாலும் உரசும். சிலர் கூம்பின் நடுமூடியை அகற்றி, சுருளைச் சுற்றி மெல்லிய நெகிழித் துண்டுகளைச் செருகி அதனை நடுநிறுத்துவர். வேறு சிலர் மூடியைத் தொடாமல், 30 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியை மெதுவாகச் செலுத்தி, உரசல் கேட்கிறதா என்று செவிமடுத்தபடியே பசை உலரும்வரை சரிசெய்வர்.

காற்றுப்புகாத பேழையாயின் மற்றொரு சோதனையும் உண்டு. கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே தள்ளி விட்டால், அது சட்டென்று துள்ளாமல் நிதானமாகத் திரும்ப வேண்டும். துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள்.

உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் மின்சுற்று அடுத்து ஆராயப்பட வேண்டியதாகும். அதிலுள்ள மின்பகு வகை மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து, தம் அளவிலிருந்து பிறழ்கின்றன. ஏஆர்-3 போன்றவற்றில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் திருகிகள் களிம்பேறி, உயர்ந்த ஒலியை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்வதும், அறவே நிறுத்திவிடுவதும் உண்டு. கருவி மந்தமாக ஒலிக்கிறது என்று கைவிடப்பட்டவற்றுள் சில, இத்திருகியைத் துடைத்ததுமே உயிர்பெற்றுள்ளன.

மூலமா, திருத்தமா?

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகிறது. விளிம்பும் மின்தேக்கியும் மாறிய பின்னர், அது அதே ஒலிபெருக்கிதானா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. மிருதங்கத்தின் தோலும் கரணையும் தேயத் தேய மாற்றப்படுகின்றன. பலாமரக் கட்டையோ தலைமுறைகளைக் கடக்கிறது. தோல் மாறியதால் அது தாத்தாவின் மிருதங்கம் அல்ல என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனில் எந்த நாதம் வர வேண்டும் என்பதை வாசிப்பவரும் தோல் மூட்டுபவரும் அறிவர். அவ்வறிவு வாழையடி வாழையாக வருகிறது. ஒலிபெருக்கிக்கு அத்தகைய மரபு இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது எவ்வாறு ஒலித்தது என்பதை அறிந்தோர் அருகி வருகின்றனர். மிருதங்கத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

ஆகவே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருத்தமே சில வேளைகளில் சான்றை அழித்துவிடுகிறது. பழைய மின்பகு மின்தேக்கிக்கு ஈடாக விலையுயர்ந்த நெகிழிப்படல மின்தேக்கியைப் பொருத்துவர். புதியதன் உள்தடை மிகக் குறைவாதலால் உயர்ந்த ஒலி சற்று மிகுந்துவிடக்கூடும். மூல ஒலியை நாடுவோர் அதனுடன் ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்பர். தடித்த புதிய விளிம்பை ஒட்டினால் கூம்பின் இயற்கை அதிர்வெண் உயர்ந்து, வில்ச்சர் கருதிய தாழ்ந்த ஒலி கிட்டாமற்போகும். மேம்பட்டது என்று கேட்பவர் மகிழலாம். ஆனால் அதனைக் கேட்டு 1958-ஆம் ஆண்டின் ஒலி இதுவே என்று வரலாறு எழுதுவோமாயின் நாம் பிழை செய்தவராவோம்.

இதனால் திருத்தமே கூடாது என்பது நம் கருத்தன்று. ஒலிக்காத ஒலிபெருக்கி வெறும் மரப்பெட்டியே. அதனை ஒலிக்கச் செய்வது நற்பணி. மாற்றிய பொருள்களைப் பற்றிய குறிப்பெழுதி, கழற்றிய உறுப்புகளை உறையிலிட்டுப் பேழைக்குள்ளேயே வைப்பது அப்பணியின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சுவடியைப் படியெடுத்தோர் இறுதியில் நாளும் பெயரும் குறித்துவைத்த வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம். அக்குறிப்புகள் இன்றி இன்று பல நூல்களின் வரலாற்றை நம்மால் எழுத இயலாது.

முடிவுரை

பெரும்பேழை ஒலிபெருக்கிகளின் வரலாறு நிறுவனங்களின் வரலாறு மட்டுமன்று. நிலவறையிலும் கொல்லைப்புறக் கொட்டகையிலும் மரமும் பசையும் கொண்டு உழைத்த பெயர் தெரியாத பலரின் வரலாறுமாகும். காகிதமும் துணியும் நிலைத்து, நுரை அழிந்தது என்னும் உண்மையை நமக்குக் காட்டியவர்கள் அவர்களே. தாம் காப்பாளர்கள் என்று அவர்கள் தம்மை எண்ணிக்கொள்வதில்லை. தந்தையார் கேட்ட கருவியில் தாமும் கேட்க வேண்டும் என்னும் ஆசையே அவர்களுள் பலரைத் தூண்டுகிறது.

நம் இல்லங்களிலும் இத்தகைய பேழைகள் சில, மேல் துணி கிழிந்து, பூச்சாடி தாங்கிகளாக நிற்கக்கூடும். அவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. காந்தமும் கூம்பும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அழிந்திருப்பது விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு விரல் அகல நுரை மட்டுமே.