பாத நரம்பு அழுத்த நோயறிதலின் வரலாறு: வலியின் இடமும் காரணத்தின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

பாதத்திலும் கணுக்காலிலும் நரம்பு அழுத்தப்படுவதால் தோன்றும் நோய்கள் 1835 முதல் எவ்வாறு அறியப்பட்டன, எவ்வாறு சிகிச்சையளிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வலி உணரப்படும் இடமும் நரம்பு நெருக்கப்படும் இடமும் வேறாக இருக்கக்கூடும் என்னும் தெளிவு படிப்படியாக உருவானமையே இவ்வரலாற்றின் மையமாகும். அத்தெளிவு குறைந்தபோது சிகிச்சையின் பயனும் குறைந்தது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நரம்பு அழுத்தம், பாதம், கணுக்கால், மார்ட்டன் நோய், டார்சல் டன்னல், தொழுநோய், நோயறிதல் வரலாறு

முன்னுரை

எலும்புக்கும் இழைப்பட்டைக்கும் இடையேயுள்ள குறுகிய வழிகளின் ஊடாக நரம்புகள் செல்லும் இடங்கள் உடலில் பல உள்ளன. அவற்றுள் ஒன்று உட்கணுவின் பின்புறம் அமைந்த சுரங்கம் போன்ற வழி; மருத்துவ நூல்கள் இதனை டார்சல் டன்னல் என்கின்றன. டிபியல் நரம்பும், இரத்தக் குழாய்களும், மூன்று தசைநாண்களும் இதனூடே செல்கின்றன. இந்நரம்பின் கிளைகளே குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் உணர்ச்சியைத் தருகின்றன. ஆகவே நெருக்கடி கணுக்காலில் இருக்க, எரிச்சலோ உள்ளங்காலில் உணரப்படுகிறது. நோயாளி சுட்டும் இடத்தை மட்டும் ஆராயும் மருத்துவர் காரணத்தைத் தவறவிடுவார். இந்த இடைவெளியை மருத்துவம் கடந்த விதம் மூன்று நிலைகளில் இங்கு நோக்கப்படுகிறது.

1. விரலிடை நரம்பு: மூட்டிலிருந்து நரம்பிற்கு

1835ஆம் ஆண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் பிலிப்போ சிவினினி, உள்ளங்காலின் விரலிடை நரம்பொன்றில் தடிப்பு இருந்ததைப் பதிவுசெய்தார். 1845இல் இங்கிலாந்து அரசியின் பாத மருத்துவராக விளங்கிய லூயிஸ் டர்லாக்கர், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடைப்பட்ட நரம்பில் எழும் வலியைத் தம் நூலில் விவரித்தார். ஆயினும் இந்நோய் இவ்விருவர் பெயராலும் பரவலாக வழங்கவில்லை. 1876இல் பிலடெல்பியாவின் தாமஸ் மார்ட்டன் எழுதிய கட்டுரையே அதற்குப் பெயர் தந்தது.

மார்ட்டன் நரம்பு நசுக்கப்படுவதை உணர்ந்திருந்தார். எனினும் நோயின் இருப்பிடமாக நான்காம் விரலின் அடிமூட்டையே கொண்டார். அம்மூட்டை வெட்டி அகற்றுவதைச் சிகிச்சையாக முன்வைத்தார். 1893இல் சிகாகோவின் ஹோட்லி, வலியுள்ள பகுதியைத் திறந்து நரம்புத் தடிப்பைக் கண்டு அதனை மட்டும் அகற்றினார். மூட்டைச் சிதைக்காமலே நோய் தணியும் என்பது இதனால் புலனாயிற்று. ஆனால் 1940இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் பெட்ஸ், இது விரலிடை நரம்பின் நோய் என்று வலியுறுத்தி எழுதிய பின்னரே கவனம் நரம்பின் மீது உறுதியாகத் திரும்பியது. பாதத்தை இருபுறமும் அழுத்தும்போது சொடுக்கு உணரப்படுவதை 1951இல் முல்டர் விவரித்தார். அது இன்றும் கைச்சோதனையாகப் பயன்படுகிறது.

சிவினினி முதல் பெட்ஸ் வரை 105 ஆண்டுகள் கடந்தன. உடற்கூற்றுச் சான்று முதலிலேயே கிடைத்திருந்தும், அதனை நோயாளியின் வலியோடு இணைக்கும் பார்வை பரவலாகாமையே இத்தாமதத்திற்கு முதன்மைக் காரணமெனக் கருதலாம்.

2. தட்டிப் பார்த்தலும் மின் அளவீடும்

முதல் உலகப் போரின்போது, 1915இல், ஜெர்மனியில் ஹாஃப்மனும் பிரான்சில் டினெலும் தனித்தனியே ஒரே குறியை விவரித்தனர். காயமுற்ற நரம்பைத் தட்டும்போது அது உணர்வூட்டும் பகுதியில் கூச்சம் பரவுகிறது என்பதே அக்குறி. நரம்பு மீண்டும் வளர்வதன் அடையாளமாகவே அவர்கள் அதனைக் கருதினர். பிற்காலத்தில் அதே சோதனை நெருக்கப்பட்ட இடத்தைத் தேடும் கருவியாயிற்று. உட்கணுவின் பின்னால் தட்டும்போது உள்ளங்காலில் கூச்சம் எழுமாயின், வலியின் இடமும் காரணத்தின் இடமும் ஒரே சோதனையில் இணைகின்றன.

1960இல் கோப்பெல், தாம்சன் ஆகியோர் கீழ்க்காலின் நரம்பு அழுத்தங்களைத் தொகுத்து எழுதினர். 1962இல் சார்லஸ் கெக் அமெரிக்க இதழிலும், சைமன் லாம் இங்கிலாந்து இதழிலும் டார்சல் டன்னல் நோயைத் தனித்தனியே பெயரிட்டு விளக்கினர். மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெருக்கப்படும் நோய் அதற்கு முன்பே நன்கு அறியப்பட்டிருந்தமை, கணுக்காலிலும் அதனையொத்த நோயைக் காண வழிகாட்டியது. 1965இல் குட்கோல்டு குழுவினர், கணுக்காலுக்குக் கீழே மின்தூண்டல் தசையை அடையும் காலத் தாமதத்தை அளந்து புறநிலை அளவுகோலை முன்வைத்தனர். ஆனால் இவ்வளவீடு தனித்து நின்று முடிவு கூறுவதில்லை. நோயுள்ளவரிடம் அது இயல்பாகவும், நோயற்றவரிடம் மாறுபட்டும் அமையக்கூடும்.

3. வலியற்ற பாதம்

இதே சுரங்கத்தின் மற்றொரு வரலாறு தமிழகத்தோடு தொடர்புடையது. தொழுநோயில் டிபியல் நரம்பு உட்கணுவின் அருகே வீங்குகிறது. விரிய இடமில்லாத வழியில் அவ்வீக்கமே அழுத்தமாகிறது. இறுதியில் எஞ்சுவது பெரும்பாலும் வலியன்று, மரத்துப்போன உள்ளங்கால். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் கை கால்கள் சிதைவதற்குத் தசையின் கேடு காரணமன்று, உணர்விழப்பினால் கவனிக்கப்படாது போகும் காயங்களே காரணம் என்று நிறுவினார். 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஆய்வு மையம் இப்பணியைத் தொடர்ந்தது. கும்பகோணத்தில் பணியாற்றிய பாலந்தே, அழகுராஜ் ஆகியோர் சுரங்கத்தைத் திறந்து நரம்பையும் இரத்தக் குழாய்களையும் தளர்த்தும் அறுவையைப் பற்றி 1975இல் எழுதினர்.

முறையீடே இல்லாத நோயை மருத்துவர் தாமே தேடிச் செல்ல வேண்டும். விரலால் நரம்பின் தடிப்பைத் தொட்டறிதலும், நைலான் இழையால் உள்ளங்கால் உணர்வைச் சோதித்தலும் அவ்வாறு முதன்மை பெற்றன. அண்மைக் காலத்து நரம்பிழப்புக்கு ஸ்டீராய்டு மருந்தே முதற்சிகிச்சையாயிற்று.

4. அறுவையின் எல்லை

சுரங்கத்தைத் திறப்பது எளிது. திறக்க வேண்டியவரைத் தேர்வது கடினம். நீர்க்கட்டி, சுருண்ட சிரை, எலும்பு முறிவின் எச்சம் போன்ற தெளிவான காரணம் காணப்படின் பயன் பெரிதும் கிடைக்கிறது. காரணம் தெளிவாகாத நிலையில் முடிவுகள் வேறுபடுகின்றன. 1994இல் பைஃபர், கிராக்கியோலா ஆகியோர் அறுவை செய்யப்பட்ட 32 பாதங்களை ஆராய்ந்தபோது, 44 விழுக்காட்டில் மட்டுமே குறிப்பிடத்தக்க நலம் கண்டனர். நீரிழிவு நரம்பு நோய்க்கும் அழுத்த நீக்க அறுவையை 1992இல் டெலன் முன்வைத்தார். 2006இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அதன் பயன் நிறுவப்படவில்லை என அறிவித்தது. நீரிழிவில் நரம்பு பரவலாகக் கெடுவதால், ஓரிடத்து நெருக்கத்தின் பங்கைப் பிரித்தறிவது அரிது. இடுப்பு முதுகெலும்பில் நரம்பு வேர் அழுத்தப்படுதலும் இதே குறிகளைக் காட்டக்கூடும். அகன்ற காலணி, தாங்கு அட்டை, ஊசி மருந்து ஆகியவற்றை முதலில் முயலும் வழக்கம் இந்த அனுபவத்தோடு பொருந்துவதாகும்.

முடிவுரை

மார்ட்டன் மூட்டை வெட்டியதும், காரணம் தெளியாமல் சுரங்கத்தைத் திறப்பதும் ஒரே வகைப் பிழைகளே. இரண்டிலும் நோயின் இருப்பிடம் உறுதியாகுமுன் கத்தி எடுக்கப்படுகிறது. கருவிகள் பெருகிய பின்னும் நோயாளியின் சொல், மருத்துவரின் விரல், மின் அளவீடு ஆகிய மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டும்போதே முடிவு வலுப்பெறுகிறது. சொல்ல வலியே இல்லாத தொழுநோயாளரின் பாதம், விரலின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டி நிற்கிறது.