பழைய காருக்கு வருஷா வருஷம் ஏசி கேஸ் போட்டும் கூலிங் நிக்கலையா? ஹோஸை எப்போ, எப்படி மாத்தணும்? - முழு விளக்கம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடியைத் தாண்டினால் கண்ணமங்கலம். பட்டு நெசவு ஊர். முகூர்த்த சீசனில் சேலை எடுக்க வரும் கார்கள், ஆடி மாதத்தில் படவேடு கோயிலுக்குப் போகும் கார்கள் என இந்தச் சாலையில் போக்குவரத்துக்குக் குறைவில்லை. மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் புதுசில்லை. அந்த நேரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "போன வருஷம்தானே கேஸ் போட்டேன், அதுக்குள்ள எங்க போச்சு?"

ஏசி என்பது மூடிய சுற்று. அதில் உள்ள கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். பழைய கார்களில் அந்த 'எங்கோ', பல நேரம் ரப்பர் ஹோஸ்தான்.

எந்தக் கார்களுக்கு இந்தப் பிரச்னை?

அசல் ஸ்போர்ட்ஸ் கார் நம்ம சாலைகளில் அபூர்வம். 'இந்தியாவின் மசில் கார்' என்று ரசிகர்கள் கொண்டாடும் இந்துஸ்தான் கான்டெஸா, வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலையில் 1980களில் தயாரான ஸ்டாண்டர்டு 2000, மறைமலைநகரில் 1999ல் உற்பத்திக்கு வந்த ஃபோர்டு ஐகான், ஹோண்டா சிட்டி விடெக் போன்றவைதான் ஆசையோடு பாதுகாக்கப்படுபவை. இதில் 1980களின் கார்கள் ஆர்-12 கேஸ் காலத்தவை. 2000ஐ ஒட்டி வந்தவை பெரும்பாலும் ஆர்-134ஏ. பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்தால் அதைப் பார்த்து உறுதி செய்துக்கலாம்.

ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2010லிருந்து குளிர்சாதனப் பயன்பாட்டுக்கு அது கிடையாது. அதனால் கான்டெஸா வைத்திருப்பவருக்கு ஆர்-134ஏவுக்கு மாறுவதுதான் நடைமுறை வழி.

ஹோஸ் ஏன் ரப்பரில் இருக்கு?

கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து ஆடும். கண்டென்சரும் கூலிங் காயிலும் பாடியில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இரும்பு பைப் போட்டால் சில நாளில் விரிசல் விடும். அதனால்தான் வளையும் ஹோஸ். ஆனால் இன்ஜின் சூடு, ஆயில், 20 - 30 வருஷ வயது எல்லாம் சேர்ந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் டிஸ்சார்ஜ் ஹோஸ்தான் அதிக சூட்டையும் பிரஷரையும் தாங்குவது. முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஆர்-134ஏ மூலக்கூறு ஆர்-12ஐ விடச் சிறியது. சாதாரண ரப்பர் வழியாகவே மெதுவாக ஊடுருவும். இதற்காக வந்ததுதான் பேரியர் ஹோஸ். ரப்பருக்கு உள்ளே நைலான் அடுக்கு இருக்கும். இங்கே ஒரு விஷயம்: பழைய மினரல் ஆயிலில் ஊறிய ஹோஸ், அந்த ஆயிலாலேயே ஓரளவு அடைபட்டிருக்கும். ஆக, நல்ல நிலையில் இருக்கும் ஹோஸை 'கேஸ் மாறுது' என்பதற்காக மட்டும் கழற்ற வேண்டியதில்லை. கசிந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ மாற்றணும். மாற்றினால் பேரியர் ஹோஸ்தான் போடணும்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியே வரும். அதனால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். ஹோஸ் முனையில் உள்ள உலோக வளையத்தைச் சுற்றிப் பாருங்க. பிறகு சோப்பு நுரை, எலெக்ட்ரானிக் டிடெக்டர், அல்லது நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து டெஸ்ட் செய்வதை ஒருபோதும் அனுமதிக்காதீங்க. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

புது ஹோஸ் எங்கே கிடைக்கும்?

நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு ரெடிமேட் ஹோஸ் தேடி அலைவதை விட, பழைய முனைகளை வைத்துப் புதிதாகக் கிரிம்ப் செய்வது நல்லது. வேலூர் மாதிரி ஊரில் இந்த வேலை தெரிந்த ஏசி கடை கிடைக்கலைன்னா, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் விசாரிக்கலாம். பழைய ஹோஸையும் கையோடு கொண்டு போங்க. நீளம் மட்டும் இல்ல, இரண்டு முனைகளும் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கு என்பதும் முக்கியம். கோணம் தவறினால் ஹோஸ் முறுக்கிக்கும், சைலன்சர் மேனிஃபோல்டில் உரசும்.

பழைய முனைகளில் கூர்மையான பல் இருக்கும். அது பேரியர் ஹோஸின் நைலான் அடுக்கைக் கிழித்துவிடும். அந்த ஹோஸுக்கான முனையையே வெல்டு செய்யச் சொல்லுங்க. தண்ணீர் ஹோஸுக்குப் போடும் திருகு கிளிப் இதற்கு ஆகாது. வெயில் நாளில் ஹை பிரஷர் 250 பிஎஸ்ஐ வரை போகும்.

மாற்றும் வேலை எந்த வரிசையில்?

முதலில் இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினில் இழுக்கணும். காற்றில் திறந்து விடுவது வழக்கமாகிவிட்டது. அது வழக்கமே தவிர முறையில்லை. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பிரஷர் இருக்கும்போதே நட்டைக் கழற்றினால் திரவம் தெறிக்கும். அது மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது; பட்ட இடம் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம்.

கழற்றும்போது இரண்டு ஸ்பானர். ஒன்றில் பிடித்து, மற்றதில் திருப்பணும். இல்லைன்னா அலுமினிய பைப் முறுக்கி உடையும், அதன் விலை ஹோஸை விட அதிகம். திறந்த முனைகளை உடனே மூடணும். ஓ-ரிங் எல்லாமே புதுசு, ஆர்-134ஏவுக்கு ஏற்றது, கம்ப்ரசர் ஆயில் தடவிப் போடணும். ரிசீவர் டிரையரையும் மாற்றணும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் காற்றுப் பட்டதும் நிரம்பிவிடும். பல கடைகளில் மிச்சம் பிடிப்பது இதில்தான், பில்லில் இருக்கான்னு பாருங்க.

ஆர்-12லிருந்து மாறும் கார் என்றால் ஆயிலும் மாறணும். மினரல் ஆயில் ஆர்-134ஏவோடு கலந்து ஓடாது. கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் அது காய்ந்து ஜாம் ஆகும். முடிந்தவரை பழைய ஆயிலை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்றுவது பாதுகாப்பு. பழைய கண்டென்சரில் ஆர்-134ஏ கொஞ்சம் திணறும் என்பதால், பட்ஜெட் இருந்தால் பேரலல் ஃப்ளோ கண்டென்சர் போடலாம்.

அடுத்து வேக்குவம். குறைந்தது அரை மணி நேரம் ஓடணும், 45 நிமிஷம் என்றால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற இந்த நேரம் தேவை. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் கேஸ் ஏற்றணும். 5 நிமிஷம் வேக்குவம் போட்டு, 'முடிஞ்சது சார்' என்றால் ஏத்துக்காதீங்க.

கேஸை எடை பார்த்துத்தான் ஏற்றணும். ஆர்-12 ஒரு கிலோ பிடித்த சிஸ்டத்துக்கு ஆர்-134ஏ சுமார் 800 முதல் 850 கிராம் போதும். 'ஆர்-12 மாதிரியே கூலிங் தரும்' என்று சொல்லி சமையல் கேஸ் கலவை போட யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்க. கூலிங் வரும், உண்மைதான். ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள்ளே. அங்கே கசிந்தால் எரியும் கேஸ் நிரம்புவது நீங்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் கேபினில்.

வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு, கிரிம்ப் செய்த முனைகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்க. துணியில் எண்ணெய் ஒட்டினால் கேஸ் முழுசா போவதற்கு முன்பே அதே கடைக்கு வண்டியை எடுத்துட்டுப் போங்க.