தீவின் வாசலில் ஒரு நகராட்சி: சூலூர்பேட்டையின் கடந்த காலம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், காளங்கி ஆற்றின் கரையில், நெல்வயல்களும் மீனவச் சிற்றூர்களும் சூழ அமைந்துள்ள சூலூர்பேட்டை, ஆந்திரத்தின் தென்கோடியிலுள்ள சிறு நகராட்சிகளில் ஒன்றாகும். நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் வந்து, வருவாய்க் கோட்டம் ஒன்றின் தலைமையிடமாகவும் ஆயிற்று. கடற்கரை ஊராகக் கருதப்பட்டாலும் கடல் இவ்வூரைத் தொடுவதில்லை. இடையில் பழவேற்காடு ஏரியும், அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் கிடக்கின்றன. ஊரின் வரலாற்றை ஊரைவிட இவ்விரண்டுமே பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

பழவேற்காடு ஏரி ஒரு காயல், அதாவது மணல்மேட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, முகத்துவாரங்கள் வழியாக மட்டும் கடலோடு உறவாடும் உவர்நீர்ப் பரப்பு. இந்தியக் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய பரப்புடைய இது, பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. மழைக்காலத்தில் காளங்கி, ஆரணி ஆறுகளின் நன்னீரால் விரிந்தும் கோடையில் சுருங்கியும் போகும் இதன் வடபகுதி, ஆள் நடந்து கடக்கும் அளவுக்கு ஆழமற்றது. ஆழமின்மை கப்பலுக்குக் குறையாயினும் பூநாரைக்கு அதுவே வசதி. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டு அண்மையில் இருப்பதும் சேர்ந்து, சூலூர்பேட்டையில் நடைபெறும் பூநாரைத் திருவிழாவுக்குக் காரணமாயிற்று.

இக்கரையில் துறைமுகம் அமைக்கும் முயற்சி மிகப் பழையது. தெற்கே பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுப்பிய டச்சுக்காரர், போட்டியாளர் எவரையும் அங்கு ஊன்றவிடாததால், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1626இல் சற்று வடக்கே துகராஜபட்டினத்தில் ஒரு பண்டகசாலையை, அதாவது சரக்கு வாங்கிச் சேமிக்கும் வணிக நிலையத்தை, அரண் அமைத்து நிறுவினர். அவர்களுக்குத் துணைநின்ற ஆறுமுக முதலியாரின் பெயராலேயே அவ்விடம் ஆர்மகான் என வழங்கலாயிற்று என்பர். கடலடி மணல்திட்டு அலையைத் தடுத்ததால் கப்பல் நிற்க ஏற்ற இடமாக அது இருந்தும், ஏற்றுமதிக்கு வேண்டிய துணி போதுமான அளவில் கிடைக்கவில்லை. அங்கு பணியாற்றிய பிரான்சிஸ் டே, துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே சென்று, 1639இல் சென்னப்பட்டினத்துக்கான உரிமையைப் பெற்றார். மறு ஆண்டு ஆங்கிலேயர் அங்கே குடிபெயர்ந்தனர். கப்பலுக்குப் பாதுகாப்பிருந்த கரையைக் கைவிட்டு, பாதுகாப்பே இல்லாத கரையில் அவர்கள் குடியேறியது வியப்பாகத் தோன்றலாம்; வணிகர் கணக்கில் நெசவாளரே கடலைவிடப் பெரியவர். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக்குப் பின், துகராஜபட்டினத்துக்குத் துறைமுகம் தருவதாக 2014ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டம் உறுதியளித்து, முதற்கட்டத்துக்கு 2018 இறுதியைக் கெடுவாகவும் குறித்தது. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளமும் பறவைகள் சரணாலயமும் அருகிலிருந்ததால் எழுந்த தடைகளுக்கிடையே அக்கெடு கடந்துபோயிற்று.

சென்னை வளர்ந்த பின் இவ்வட்டாரம் அதன் விறகுக் கொட்டடியாயிற்று. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, படிப்படியாக வடக்கே நீட்டப்பட்டு, 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக மேலும் விரிவாக்கப்பட்ட கால்வாய், அன்றைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு இவ்வழியே படகேறிச் சென்னையின் அடுப்புகளுக்குச் சென்றது. அக்காட்டின் மக்கள் யானாதிகள். தேன், கிழங்கு, மூலிகை ஆகியவற்றைச் சேகரித்தும், மீன் பிடித்தும் வாழ்ந்த பழங்குடியினர். 1835இல் தீவைத் தன் பொறுப்பில் எடுத்த அரசு, அவர்களைக் கொண்டே காட்டுப் பொருள்களைத் திரட்டியது. அவர்களைத் ‘திருத்துவது’ பற்றிக் காலனிய அலுவலர் நிறைய எழுதினாலும், தங்கள் நிலைபற்றி யானாதிகள் சொன்னது அவ்வெழுத்தில் மிக அரிதாகவே இடம்பெற்றது. 1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் கால்வாயின் முதன்மை மெல்லக் குறைய, சூலூர்பேட்டை நிலையம் உயர்ந்தது. இன்று சென்னைப் புறநகர் ரயில்கள் மாநில எல்லையைத் தாண்டி இங்குவரை வருகின்றன. ஊர்ச் சந்தையில் தெலுங்குக்குப் பக்கத்திலேயே தமிழும் புழங்குவதில் வியப்பில்லை.

ஊரின் அடுத்த திருப்பம் விண்ணிலிருந்து வந்தது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதல் தொடங்கியிருந்தாலும், செயற்கைக்கோளைப் பூமியின் சுழற்சி வேகம் துணைசெய்யுமாறு கிழக்கு நோக்கி ஏவவேண்டும் என்பதாலும், மேற்குக் கரையிலிருந்து ஏவினால் கழன்றுவிழும் பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழும் என்பதாலும், இந்திய விண்வெளித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய விக்ரம் சாராபாய் காலத்தில் கிழக்குக் கரையில் இடம் தேடப்பட்டு, 1969இல் ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் வளிமண்டல ஆய்வுக்கான சிறு ராக்கெட் ஒன்று முதலில் ஏவப்பட்டது. செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.–3 1979இல் தோல்வியுற்று, 1980 ஜூலை 18 அன்று வென்றது. மக்கள் குறைவு என்பதும் இத்தகைய இடங்களுக்குரிய தகுதி. பிரெஞ்சு கயானாவின் சிறு கடற்கரை ஊரான கூருவும் 1964இல் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மக்கள் குறைவு என்பதற்கு மக்கள் இல்லை என்று பொருளன்று: இரண்டிடத்திலும் குடிகள் அகற்றப்பட்டனர்.

தீவுக்குச் செல்லும் சாலை ஏரியைக் குறுக்கே கடந்து சூலூர்பேட்டையில் வந்து முடிவதால், ஊழியர் குடியிருப்பு, பள்ளி, விடுதி, கடை யாவும் இங்கே பெருகி, பழைய பேட்டை நகராட்சியாக வளர்ந்தது. அறிவியலும் பக்தியும் இங்கு முரண்படவில்லை; 2023 செப்டம்பரில் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்1 ஏவப்படுவதற்கு முந்தைய நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அன்றைய தலைவர் எஸ். சோமநாத், கதவே சாத்தப்படாத கோயில் எனப் பெயர்பெற்ற ஊர்த் தெய்வம் செங்காளம்மாவின் சந்நிதியில் வழிபட்டார்.

ஆயினும் ஏவுதளத்தின் புகழைக் கொண்டே இவ்வட்டாரத்தின் நலத்தை அளப்பது பிழையாகும். ஏரிக்கரைச் சிற்றூர்களின் பிழைப்பு இன்னும் மீனையும் இறாலையுமே நம்பியிருக்கிறது. அவை கடலிலிருந்து உள்ளே வருவதற்கான முகத்துவாரங்கள் ஆந்திரப் பகுதியில் மணலால் தூர்ந்து, கோடையில் ஏரியின் வடபாதி வறண்டு போகிறது. முகத்துவாரங்களைத் தூர்வாரித் தரவேண்டும் என்பதே இக்கரை மீனவரின் நெடுநாள் கோரிக்கை.