வங்கத்து இயக்குநரும் ஜாலான் அம்பாஸ் முதியவரும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வழியே வீரமாகாளியம்மன் கோயிலையும் சீனிவாசப் பெருமாள் கோயிலையும் கடந்து நடப்பவர், சிறிது தொலைவில் இடப்புறமாகப் பிரிந்து செல்லும் பாலஸ்டியர் சாலையைக் காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தூதராக இங்கு வந்த ஜோசப் பாலஸ்டியர் என்பவர் அப்பகுதியில் கரும்பு பயிரிட்டார். அவர் பெயரே சாலைக்கு நிலைத்தது. அச்சாலையின் கிளைத் தெருக்களுள் ஒன்று ஜாலான் அம்பாஸ். அம்பாஸ் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சக்கை என்பது பொருள். இந்தச் சக்கைத் தெருவின் 8ஆம் எண் மனையில்தான், 1947 முதல் 1967 வரை, ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மலாய்ப் படங்களை எடுத்தது.

மலாய்ப் பேசும் படத்தின் தொடக்கம் இந்தியர் கையில் இருந்தது என்பது பலரும் அறிந்ததே. சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் படமாகிய ‘லைலா மஜ்னூன்’ படத்தை 1933இல் இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். போருக்குப் பின் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் இயக்குநர்கள் கப்பலேறி வந்தனர். நம்மவரான எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ என்ற படத்தில் பி. ரம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் தந்தார். பி. என். ராவ் 1957இல் ‘பொந்தியானா’ என்னும் பேய்ப்படத்தை எடுத்து மலாய் மக்களை நடுங்க வைத்தார். இவர்களைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழரிடையே இருவகைப் பேச்சு உண்டு. ‘மலாய்ப் படக்கலை முழுவதும் நாம் இட்ட பிச்சை’ என்பது ஒன்று. ‘இந்தியப் படங்களைப் படியெடுத்து மலாய்ச் சட்டை மாட்டினர், வேறொன்றும் செய்திலர்’ என்பது மற்றொன்று. முன்னது செருக்கு, பின்னது சோம்பல். ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு உற்று நோக்கினாலே இரண்டும் நில்லாமற் போகும். அம்மனிதர் தமிழரல்லர், வங்காளி. பெயர் பணி மஜும்தார்.

மஜும்தார் 1911இல், இன்று வங்கதேசத்தில் உள்ள ஃபரீத்பூரில் பிறந்தவர். கல்கத்தாவில் பி. என். சர்க்கார் 1931இல் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் நிலையத்தில் தொழில் பயின்றார். அந்நிலையத்தின் பிரமதேஷ் பருவா 1935இல் எடுத்த ‘தேவதாஸ்’ படத்தைப் பற்றித் தமிழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கதை நம் மொழியிலும் அழுதும் பாடியும் தீர்த்த கதை. பருவாவின் உதவியாளராக இருந்த மஜும்தார் 1938இல் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ என்னும் இந்திப் படத்தையும், அதன் வங்க வடிவமாகிய ‘சாத்தி’யையும் தாமே இயக்கினார். ஒன்றாக வளர்ந்த இரண்டு அநாதைக் குழந்தைகள் தெருப் பாடகர்களாகிறார்கள். அவள் புகழேணியில் ஏறுகிறாள். அவன் கீழே நிற்கிறான். அப்படத்தில் கே. எல். சைகல் ‘பாபுல் மோரா’ என்ற தும்ரியைத் தெருவில் நடந்துகொண்டே பாட, ஒலிவாங்கியும் பக்க வாத்தியமும் படப்பெட்டியின் கண்ணுக்குத் தப்பி உடன் நகர்ந்தன. முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் வழக்கம் வந்துவிட்ட காலத்தில், பாடகன் மூச்சு வாங்குவதும் கேட்கவேண்டும் என்று எண்ணிச் செய்த முயற்சி அது.

பின் மஜும்தார் பம்பாய் சென்றார். பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தின் கடைசிப் படமாகிய ‘பாத்பான்’ 1954இல் அவர் கையால் முடிந்தது. அடுத்து ஷா சகோதரர் அழைக்க, சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

இங்கே காலத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வங்கத்தின் சோதனைப் படக்கலை என்று உலகம் போற்றுவது 1955இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யோடு தொடங்குவதாகப் புத்தகங்கள் எழுதும். அப்படத்தில் முதுமையை நடித்தவர் சுனிபாலா தேவி. அவருக்கு அப்போது எண்பது வயது. பழைய நாடக நடிகை, மறக்கப்பட்டுக் கிடந்தவர், படம் கொட்டகைக்கு வருமுன்னே இறந்தும் போனார். 1958இல் ராய் எடுத்த ‘ஜல்சாகர்’ படத்திலோ, அழிந்துபோன ஜமீன்தார் ஒருவர் தம் கடைசிப் பொற்காசுகளையும் ஓர் இசையரங்குக்காகச் செலவிட்டு மடிகிறார். நினைவு, இழந்த அன்பு, முதுமை ஆகிய மூன்றையும் வங்கப் படம் வேறு எந்த இந்திய மொழிப் படத்தையும்விட மிகுதியாகத் தன் பொருளாக்கிக்கொண்டது. ஆயினும் அம்மூன்றும் ராயுடன் புதிதாக வந்து குதிக்கவில்லை. நியூ தியேட்டர்ஸ் காலத்திலேயே அந்த ஊற்று இருந்தது. அதன் ஒரு கிளை கல்கத்தாவில் ஓடிய அதே ஆண்டுகளில், மற்றொரு கிளை கடல் கடந்து பாலஸ்டியர் சாலை ஓரத்தில் ஓடியது என்பதைத்தான் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன.

1956இல் மஜும்தார் இரு படங்களைத் தந்தார். ஒன்று ‘ஹங் துவா’. நிறுவனத்தின் முதல் வண்ணப் படம். மலாக்கா வீரனின் கதை. 1957இல் பெர்லின் படவிழாப் போட்டிக்கும் சென்றது. அரண்மனையும் கத்திச் சண்டையும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மஜும்தாரின் உள்ளம் அதில் இல்லை, மற்றதில் இருந்தது.

மற்றது ‘அனாக்-கு சஸாலி’. ‘என் மகன் சஸாலி’ என்பது தமிழ். ஹசான் ஓர் அநாதைச் சிறுவன். தன்னை வளர்த்த வீட்டின் மகள் மஹானியோடு ஒன்றாக வளர்கிறான். இசையில் பித்து. வளர்ந்தபின் அவளையே மணக்கிறான். மகனை ஈன்ற அப்பொழுதே மஹானி இறக்கிறாள். அவள் மேல் வைத்த அன்பு முழுவதையும் ஹசான் அந்தக் குழந்தை மேல் கொட்டுகிறான். கேட்டதெல்லாம் கொடுக்கிறான், அடிக்கவேண்டிய இடத்தில் அணைக்கிறான். மகன் கயவனாகிறான். முடிவில் முதுமையும் தனிமையும் சூழ்ந்த தந்தை தானே போலீஸாருக்குச் சொல்லி மகனைப் பிடித்துக் கொடுக்கிறான்.

ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்க ஒப்புமை ஒன்று இங்கே இருக்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதை நமக்குண்டு. மணிமேகலையில் உதயகுமாரன் வெட்டுண்டதைக் கேட்ட மன்னன், தான் செய்யவேண்டிய தண்டனையை வேறொருவன் செய்துவிட்டானே என்றுதான் கூறுகிறான். ஆனால் அவர்கள் அரசர்; நீதி அவர்களது தொழில். ஹசானோ வயிற்றுக்கு வாசிக்கும் இசைக்காரன். அதுமட்டுமன்று. மகன் கெட்டதற்குக் காரணமே அவன்தான். மனுநீதிச் சோழன் தன் மகனைத் தண்டித்தான். ஹசான் மகனோடு சேர்த்துத் தன் வாழ்நாள் முழுவதையும் தண்டித்துக்கொள்கிறான். மனைவியின் நினைவை மறக்கமாட்டாமையே அவன் செய்த குற்றம் என்று படம் சொல்லாமற் சொல்கிறது. இது தேவதாஸின் நோயேதான். தந்தைமை என்னும் வேடம் போட்டு வந்திருக்கிறது.

தந்தையாகவும் மகனாகவும் இரட்டை வேடத்தில் நடித்தவர் பி. ரம்லி. பினாங்கில் 1929 மார்ச் 22இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சி எடுப்பது எளிதன்று. வில்லையின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை எடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுப்பர். படப்பெட்டி மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். ஆகையால் நடிகன் எதிரே ஆளில்லாத வெறுவெளியைப் பார்த்துப் பேசவேண்டும். மகன் மேல் சினம் கொள்ளும் கிழவனும் வெறுவெளியைத்தான் பார்த்தான். கிழவனை மதியாத மகனும் வெறுவெளியைத்தான் பார்த்தான். கல்கத்தாவில் எண்பது வயது மூதாட்டியைத் தேடிப்பிடித்தார் ராய். ஜாலான் அம்பாஸில் இருந்தது மாவும் மயிரும் ஓர் இளைஞனும். இருந்தும் 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசு அந்த இளைஞனுக்கே கிடைத்தது.

‘பதேர் பாஞ்சாலி’க்கு இது நிகராகுமா என்று கேட்டால், ஆகாது என்றே விடை சொல்ல வேண்டும். பாட்டு வரவேண்டிய இடத்தில் பாட்டு வருகிறது. வரவேண்டாத இடத்திலும் வருகிறது. கதையின் திருப்பங்கள் நாடக மேடையின் உரத்த குரலிலேயே பேசுகின்றன. ஆனால் படியெடுத்தது என்று தள்ளுவதும் அறியாமை. மஜும்தாருக்கு மலாய் தாய்மொழியன்று. இந்திய இயக்குநர்கள் எழுதியதை மலாய் உதவியாளர்கள் தம் மொழியில் மாற்றித் தருவர். பின்னாளில் தாமே புகழ்பெற்ற இயக்குநரான ஜமீல் சூலோங் அவ்வாறு பணிபுரிந்தவர்களுள் ஒருவர். வங்கத்தில் பிறந்த உணர்வு இங்கிருந்த மலாய் எழுத்தாளரின் நாவிலும், பினாங்கு இசைக்காரனின் தொண்டையிலும் புகுந்தே வெளிவந்தது. இதற்குப் படியெடுத்தல் என்று பெயரிடுவோர் கம்பனையும் அப்படித்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

மாணாக்கன் தந்த விடை 1962இல் வந்தது. ரம்லி தாமே இயக்கிய ‘இபு மெர்த்துவா-கு’ படத்தின் நாயகன் காஸிம் ஸலாமத்தும் இசைக்காரன். மகப்பேற்றில் மனைவி இறந்தாள் என்று அவனுக்குச் செய்தி வருகிறது. அழுதழுதே கண்ணை இழக்கிறான். செய்தியோ மாமியார் புனைந்த பொய். பார்வை மீண்டபின் உண்மை தெரிய, முட்கரண்டியால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். மஜும்தார் படத்தில் மெய்யாக நிகழ்ந்த அந்த மரணம் ரம்லியின் படத்தில் பொய்யாகிவிடுகிறது. ஆனால் துயரம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆசான் காட்டிய வழியில் நடந்து ஆசானைக் கடந்து போனதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1963இல் டோக்கியோவில் பல்கலை வல்லவர் என்னும் சிறப்புப் பரிசு ரம்லிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. 1973 மே 29இல் ரம்லி காலமானார். வயது நாற்பத்து நான்கு. திரையில் ஹசானாக அடைந்த முதுமையை அவர் வாழ்வில் அடையவில்லை.

மஜும்தார் அதற்கு முன்பே பம்பாய் திரும்பிவிட்டார். அங்கும் முதிய தந்தை அவரை விடவில்லை. சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிவந்த கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ அவர் கண்ணிற் பட்டது. கண்ணிழந்த ஓர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, நேர்மையே உயிர். அவருடைய இளைய மகன் ஒரு பெண்ணை வஞ்சிக்கிறான், அவள் மாள்கிறாள், அவளுடைய அண்ணன் பழி தீர்க்கிறான். கொலை செய்துவிட்டு வந்தவனுக்கு, இறந்தவன் தன் மகன் என்பதை அறியாமலே அந்தக் குருட்டு மேஜர் அடைக்கலம் தருகிறார். 1965இல் மஜும்தார் இதனை ‘ஊஞ்சே லோக்’ என்று இந்தியில் எடுத்தார். மேஜராக நடித்தவர் அசோக் குமார். தமிழ்ப் படம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. தமிழன் எழுதிய தந்தையை வங்காளி இந்திக்குக் கொண்டுபோனார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு அதே வங்காளி மலாய்த் தந்தை ஒருவனை உருவாக்கியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர் அரியர். மலாய்ப் பட வரலாறு எழுதுவோர் பம்பாயை நோக்குவதில்லை. தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் சிங்கப்பூரை நோக்குவதில்லை. மஜும்தார் 1994இல் மறைந்தார்.

அந்த நாடகத்தில் வரும் இளைய மகனின் பெயர் ரஜினிகாந்த். பாலசந்தர் 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காகத் தாம் தேர்ந்த புதிய நடிகருக்கு அப்பெயரைச் சூட்டினார். அந்நடிகருடன் 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ எடுக்கப் பாலசந்தர் சிங்கப்பூருக்கே வந்தார். அப்போது பாலஸ்டியர் சாலைக் கிளைத்தெருவில் படப்பெட்டிகள் ஓய்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.